சிவதீரியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவதீரியம் எந்த வகை விலங்கு?

ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த, அழிந்துபோன ஒரு பேரினம். அசைபோடும், இரட்டைக் குளம்புள்ள தாவர உண்ணி. இமயத்தின் அடிவாரத்தில் நீளும் சிவாலிக் குன்றுகளில் முதலில் கிடைத்தது. பின்னர் ஆப்பிரிக்காவின் வடக்கு, கிழக்கு, தெற்குப் பகுதிகளிலும் கிடைத்தது. இன்று இந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பவை இரண்டே பேரினங்கள்: ஒட்டகச்சிவிங்கி ஒன்று, காங்கோ காடுகளில் வாழும் ஒகாபி இன்னொன்று. முற்காலத்தில் இதே குடும்பம் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று பரந்து கிடந்தது. அதில் பெரும்பாலானவை நீண்ட கழுத்து இல்லாதவை. ஆகவே 'கழுத்து குட்டையான ஒட்டகச்சிவிங்கியா?' என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தக் குடும்பத்தில் கழுத்து நீண்டதுதான் விதிவிலக்கு.

பெயர் சிவனை ஒட்டி வைக்கப்பட்டது. 'தீரியம்' என்றால் கிரேக்கத்தில் விலங்கு.

முதலில் விவரித்தவர்கள் யார்?

ஹக் ஃபால்கனர், புரோபி காட்லி இருவரும், 1836இல். ஃபால்கனர் மருத்துவம் படித்தவர், 1832 முதல் சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளர். காட்லி கால்வாய்ப் பொறியாளர். பிற்பாடு 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயை வடிவமைத்தவர் இவர்தான். மார்க்கண்டா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த மண்டையோட்டை வைத்து 'சிவதீரியம் ஜைகாண்டியம்' என்று பெயரிட்டார்கள். சிவாலிக் புதைபடிவப் பணிக்காக லண்டன் புவியியல் சங்கம் 1837இல் இருவருக்கும் சேர்த்து வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது.

அவர்கள் இதை ஒட்டகச்சிவிங்கி உறவாகப் பார்க்கவில்லை. அசைபோடும் விலங்குகளுக்கும், யானை, காண்டாமிருகம் முதலான தடித்தோல் விலங்குகளுக்கும் இடைப்பட்டது என்றே நினைத்தார்கள். மூக்கெலும்பு மேலெழும்பி நிற்பதால் குட்டையான தும்பிக்கை இருந்திருக்கும் என்றும் ஊகித்தார்கள். பாரிசில் இருந்த விலங்கியலாளர் ழெஃப்ருவா செந்திலேர் உடனடியாக, இது ஒட்டகச்சிவிங்கி இனம் என்றார். 1871இல் ஜேம்ஸ் மூரி இதை மத்திய ஆசியச் சைகா மானுக்கு அருகில் கொண்டுபோய் வைத்தார். கடைசியில் செந்திலேர் சொன்ன திசைதான் சரியாயிற்று. ஆனால் தும்பிக்கை வைத்த பழைய படங்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பார்த்தால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருத்து என்று ஒதுக்கிவிடலாம்.

கொம்புகள் எத்தனை? அவை மான் கொம்பா, மாட்டுக் கொம்பா?

நான்கு. இரண்டு வகையிலும் சேராதவை.

இந்தியச் சிற்றினத்தில் முன் ஜோடி கண்குழிகளுக்கு மேலே, சிறியதாக, கூம்பு வடிவில் இருக்கும். பின் ஜோடி மண்டையின் பின்பக்கத்திலிருந்து எழுந்து, அகன்று, தட்டையாக விரிந்து கிளைவிடும். தொலைவில் நின்று பார்ப்பவருக்குக் கடமானின் வட அமெரிக்க உறவான மூஸின் கொம்பு நினைவுக்கு வரும். அந்த ஒற்றுமை தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. வளரும் விதம் முற்றிலும் வேறு.

மான் கொம்பு ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து மறுபடி முளைக்கும். மாட்டுக் கொம்பில் மண்டையிலிருந்தே புடைத்த எலும்பின் மேல் நகப்பொருள் உறை இருக்கும். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தின் கொம்புக்கு 'ஒசிக்கோன்' என்று பெயர். கன்றின் தோலுக்கு அடியில், மண்டையோடு ஒட்டாமல், தனி எலும்புத் துண்டாக அது உருவாகும். வயது கூடக்கூட மண்டையோடு பற்றிக்கொள்ளும். உதிராது. இன்றைய ஒட்டகச்சிவிங்கியில் தோலும் மயிரும் போர்த்தியிருக்கும்.

புதைபடிவத்தில் இது நேரடியான சிக்கலைத் தருகிறது. இளம் விலங்கின் ஒசிக்கோன் மண்டையோடு ஒட்டும் முன்பே அது இறந்துபோனால், கொம்பு தனியாகக் கழன்று ஆற்று மணலில் அடித்துச் செல்லப்படும். மண்டை கொம்பே இல்லாதது போலக் கிடைக்கும். அதை உடனே 'பெண் விலங்கு' என்று சொல்லிவிடக் கூடாது. வளர்ந்த விலங்கிலும் சிக்கல் உண்டு. சிவாலிக்கில் கிடைத்த கொம்பில்லாத பெரிய மண்டையோடு ஒன்று பெண் சிவதீரியமா, வேறு பேரினமா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. கொம்பில்லாத மண்டையைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது, கொம்பு அமர்ந்திருந்த இடத்தில் சொரசொரப்பான பரப்போ தழும்போ இருக்கிறதா என்பதை. அடுத்து மூன்றாம் கடைவாய்ப்பல் முழுதாக முளைத்துத் தேய்ந்திருக்கிறதா என்பதை. பல் தேய்ந்து, கொம்பிடம் வழவழப்பாக இருந்தால்தான் 'கொம்பே இல்லாத வளர்ந்த விலங்கு' என்ற பேச்சுக்கே இடம்.

யானை அளவு பெரியது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. தோள் உயரம் சுமார் 2.2 மீட்டர். எடையைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றுதான் இன்று எல்லாரும் எடுத்துக்கொள்வது. பாசு, ஃபால்கிங்ஹாம், ஹட்சின்சன் மூவரும் லண்டனில் உள்ள எலும்புகளை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, எலும்புக்கூட்டைக் கணினியில் கட்டி, சுமார் 1,246 கிலோ என்று மதிப்பிட்டார்கள். வரம்பு 857 முதல் 1,812 கிலோ வரை. வளர்ந்த ஆண் ஒட்டகச்சிவிங்கியின் எடை சராசரியாக 1,200 கிலோ. ஆண் ஆப்பிரிக்க யானை ஏறக்குறைய 6 டன். ஆக, அசைபோடும் விலங்குகளில் இதுவரை வாழ்ந்த மிகப் பெரியவற்றில் ஒன்று என்று சொல்லலாம். யானையோடு ஒப்பிட இடமில்லை.

அந்த வரம்பு ஏன் இவ்வளவு அகலம்?

கணக்கின் படிகளைப் பார்த்தால் தெரியும்.

ஒவ்வொரு எலும்பையும் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் படம் எடுத்து, மென்பொருளில் முப்பரிமாண உருவமாக்குவார்கள். கிடைக்காத எலும்புகளுக்கு நெருங்கிய உறவு விலங்கின் எலும்பை அளவு மாற்றிப் பொருத்துவார்கள். பிறகு தலை, கழுத்து, உடற்பகுதி, கால்கள் என்று பிரித்து ஒவ்வொரு பகுதியின் மேலும் இறுக்கமான ஓர் உறையைக் கணினி போர்த்தும். அந்த உறையின் கொள்ளளவை உடலின் அடர்த்தியால் பெருக்கினால் ஓர் அடிப்படை எடை கிடைக்கும். எலும்பை ஒட்டிய உறை என்பதால் தசையும் வயிறும் அதற்குள் முழுதாக அடங்காது. இன்று வாழும் பாலூட்டிகளை வைத்துச் சோதித்தபோது, உண்மை எடை அந்த அடிப்படையைவிடச் சுமார் 21 சதவீதம் கூடுதலாக வந்தது. அதனால் 1.21ஆல் பெருக்கிக்கொள்வது இந்த முறையின் வழக்கம்.

பிழை நுழையும் இடம் இரண்டாவது படி. சிவதீரியத்தின் எலும்புகள் ஒரே விலங்கினுடையவை அல்ல. பல இடங்களில், பல விலங்குகளிலிருந்து வந்தவை. பெரிய விலங்கின் முன்னங்கையையும் சிறிய விலங்கின் கழுத்தெலும்பையும் ஒரே உடம்பில் பொருத்தினால் எல்லா அளவும் இழுபடும். நீளத்தில் 10 சதவீதம் கூட்டிவிட்டால் எடையில் அது மூன்று முறை பெருகும்: 1.1 × 1.1 × 1.1 = 1.331. அதாவது எடை 33 சதவீதம் ஏறிவிடும். விலா எலும்புக் கூட்டின் அகலத்தை ஊகத்தில் வைத்தால் இன்னும் மோசம், ஏனென்றால் உடற்பகுதிதான் மொத்த எடையில் பெரும்பங்கு.

இன்னொரு வழியும் உண்டு: மேற்கை எலும்பு, தொடை எலும்பு இவற்றின் மிக மெலிந்த இடத்துச் சுற்றளவை அளந்து, வாழும் விலங்குகளிலிருந்து பெற்ற சமன்பாட்டில் போடுவது. எலும்பு ஒன்றிரண்டே போதும் என்பது இதன் வசதி. ஆனால் கால் எலும்பு வழக்கத்தைவிடத் தடித்திருக்கும் விலங்கில் இந்த முறை எடையைக் கூட்டிக் காட்டும். சிவதீரியத்தின் கால்கள் தடிமனானவை என்பதை மறக்கக் கூடாது. எந்த இணையப் பக்கத்திலாவது ஒற்றை எடை மட்டும் போட்டு, எந்த முறை என்று சொல்லாமல் விட்டிருந்தால் அந்த எண்ணை எடுத்தாள வேண்டாம்.

கழுத்து எவ்வளவு நீளம்?

ஒட்டகச்சிவிங்கியோடு பார்த்தால் குட்டை, தடிமன். கழுத்தெலும்பு எண்ணிக்கை இரண்டிலும் ஏழுதான்; ஒட்டகச்சிவிங்கியில் ஒவ்வொன்றும் நீண்டிருக்கிறது, இதில் அகன்று குட்டையாக இருக்கிறது. கனமான கொம்புள்ள தலையைத் தாங்க இப்படிப்பட்ட கழுத்துதான் தோது. அந்தத் தலையை ஆட்டி அசைக்க வேண்டிய தசைகளுக்காகத் தோளருகே முதுகெலும்பின் மேல்முட்கள் உயர்ந்து நிற்கும்.

எந்தப் பாறை அடுக்குகளில் கிடைக்கிறது? வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

இந்தியப் பகுதியில் மேல் சிவாலிக் அடுக்குகள். அவற்றைக் கீழிருந்து மேலாகத் தத்ரோத், பிஞ்சோர், உருளைக்கல் திரளை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பிஞ்சோர் அடுக்கின் அடித்தளம் சுமார் 26 லட்சம் ஆண்டுகள் பழையது. மேல் எல்லை சுமார் 6 லட்சம் ஆண்டுகள். சிவதீரியம் ஜைகாண்டியத்துக்குப் பேர்போன அடுக்கு இந்தப் பிஞ்சோர்தான். இமாச்சலின் சிர்மௌர் மாவட்டம், ஹரியானா, சண்டிகரைச் சுற்றிய குன்றுகள், ஜம்மு, பாகிஸ்தானின் பஞ்சாபில் பப்பி குன்றுகள் என்று இந்த அடுக்குகள் நீள்கின்றன.

இந்தப் பாறைகள் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும். நேரடியாக வயது பார்க்கக்கூடிய எரிமலைச் சாம்பல் சில இடங்களில்தான் இடையில் கிடைக்கிறது. மற்ற இடங்களில் பூமியின் காந்தத் திசை மாற்றம் கைகொடுக்கிறது. வண்டல் படியும்போது அதிலுள்ள நுண்ணிய இரும்புத் தாதுத் துகள்கள் அன்றைய காந்தத் திசையைப் பதித்துக்கொள்ளும். திசை குறித்த மாதிரிகளை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து, ஆய்வகத்தில் படிப்படியாகக் காந்தம் நீக்கி, பிற்காலத்தில் ஏறிய காந்தப் பூச்சைக் கழித்துவிட்டு, அடியில் இருக்கும் மூலத் திசையைப் படிப்பார்கள். வடக்கு, தெற்கு, வடக்கு என்று மாறி வரும் பட்டைகளை, காந்தத் திசை எப்போதெல்லாம் மாறியது என்று காட்டும் உலக அட்டவணையோடு பொருத்துவார்கள்.

பொதுவாகத் தவறுவது இந்தப் பொருத்துதலில். பட்டைகளுக்குத் தம்மளவில் பெயர் கிடையாது. நடுவில் அரிப்பால் ஓர் அடுக்கு காணாமல் போயிருந்தால், அதே வரிசை அட்டவணையில் இரண்டு இடங்களில் பொருந்திவிடும். சாம்பல் அடுக்கோ, வயது தெரிந்த விலங்கின் எச்சமோ ஒன்றாவது பிடிமானமாக இருந்தால்தான் விடை நிற்கும். குதிரைப் பேரினமான ஈக்வஸ் பிஞ்சோரில் தென்படுவது அப்படியொரு பிடிமானம்.

கூடவே வாழ்ந்தவை எவை?

ஸ்டெகோடான் என்னும் யானை உறவுகள், நீர்யானைகள், ஈக்வஸ் குதிரைகள், ஒட்டகங்கள், எருமைக்கு முன்னோடிகளான மாட்டினங்கள், வாள்பல் பூனைகள், ராட்சத நிலஆமை, முதலைகள். நீர்யானையும் முதலையும் நிறைய இருப்பதால் பெரிய ஆறுகளும் சதுப்பும் அருகிலேயே இருந்தன என்று கொள்ளலாம்.

ஆப்பிரிக்காவில் கிடைத்தது இதே விலங்கா?

பேரினம் ஒன்று, சிற்றினங்கள் வேறு. தென்னாப்பிரிக்காவின் லாங்கபான்வெக்கில் கிடைத்த சிவதீரியம் ஹெண்டேயி சுமார் 50 லட்சம் ஆண்டுகள் பழையது. ஹாரிஸ் 1976இல் பெயரிட்டார். பின்னால் வந்தது சிவதீரியம் மௌரூசியம். இதைப் பொமெல் 1892இல் அல்ஜீரியாவிலிருந்து லிபிதீரியம் என்ற பெயரில் விவரித்தார். இப்போது சிவதீரியத்தில் சேர்த்தாயிற்று. பழைய நூல்களில் லிபிதீரியம், கிரிக்வாதீரியம் என்று வந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் சிவதீரியம்தான். ஆப்பிரிக்கச் சிவதீரியத்தின் பின்கொம்புகள் தட்டையாக விரிவதில்லை. நீண்டு வளைந்து, ஆங்காங்கே முடிச்சுகளோடு போகும்.

பிரமதீரியம் என்று ஒன்று உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா?

உறவு, ஆனால் வேறு பேரினம். காலமும் முந்தியது. அதன் மூல மாதிரி குஜராத்தில் காம்பே வளைகுடாவிலுள்ள பிரம் தீவில் கிடைத்தது. ஃபால்கனர் 1845இல் பெயரிட்டார். பிரித்தறிய எளிய வழி, பெரிய கொம்பு எங்கே என்று பார்ப்பது. பிரமதீரியத்தில் முன் ஜோடி பெரிது, அடிப்பகுதி ஒன்றாக இணைந்திருக்கும், பின்பக்கத்தவை சிறியவை. சிவதீரியத்தில் நேர்மாறு. மண்டை இல்லாமல் பல் மட்டும் கையில் இருந்தால் இந்த இரண்டையும் பிரிப்பது கடினம். அப்போது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற குறிப்புதான் துணை, அதனால்தான் அடுக்குக் குறிப்பில்லாத பல்லுக்கு ஆய்வில் மதிப்புக் குறைவு.

என்ன தின்றது?

ஒரே வரியில் விடை கிடையாது. காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியிருக்கிறது. பல்லின் உயரத்தைப் பார்த்தால் தழை தின்னி என்று தோன்றும்: கடைவாய்ப்பற்கள் குட்டையானவை. புல் தின்னும் விலங்குகளுக்குப் பொதுவாக உயர்ந்த பற்கள் தேவை, ஏனென்றால் புல்லில் உள்ள சிலிக்காவும் அதில் ஒட்டிய மண்ணும் பல்லை அரித்துத் தள்ளும். ஆனால் பல்லின் வடிவம் அந்த விலங்கு எதைத் தின்னத் தோதானது என்றுதான் சொல்லும். எதைத் தின்றது என்பதைத் தேய்மானமும் எனாமலின் வேதியியலும் சொல்ல வேண்டும். லாங்கபான்வெக் பற்களின் தேய்மானம், தழையோடு புல்லும் கலந்த உணவைக் காட்டியது. கிழக்கு ஆப்பிரிக்காவின் துர்க்கானா பகுதிப் பற்களின் கார்பன் ஐசோடோப்புகளோ, தொடக்கத்தில் தழை தின்ற சிவதீரியம் பிற்காலத்தில் புல்லுக்கு மாறியதைக் காட்டுகின்றன.

எனாமலில் அதை எப்படிப் படிக்கிறார்கள்?

மரம், செடி, புதர்கள் ஒரு வகை ஒளிச்சேர்க்கை செய்கின்றன. வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலும் இன்னொரு வகை. கார்பன் 13 என்ற கனமான கார்பன் இரண்டிலும் வெவ்வேறு அளவில் சேரும், அந்த வேறுபாடு தின்ற விலங்கின் எனாமலில் தங்கிவிடும். பெரிய தாவர உண்ணிகளின் எனாமலில் கார்பன் 13 மதிப்பு (ஒரு பொதுத் தரத்தைவிட எவ்வளவு கூட, குறைய என்பது) ஆயிரத்துக்கு மைனஸ் 8க்குக் கீழே இருந்தால் தழை. மைனஸ் 1க்கு மேலே இருந்தால் புல். நடுவில் இருந்தால் கலப்பு.

பல்லின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, வைர முனைத் துளையியால் சில மில்லிகிராம் எனாமல் தூளை எடுப்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் ஹைப்போகுளோரைட்டோ போட்டுக் கரிமப் பொருளை நீக்கி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சிறிது நேரம் வைத்து மண்ணிலிருந்து ஏறிய கார்பனேட்டைக் கழுவி, உலர்த்தி, பாஸ்பாரிக் அமிலத்தோடு வினைபுரிய விடுவார்கள். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைத்தான் நிறை நிறமாலைக் கருவி அளக்கிறது.

கெட்டுப்போகும் இடங்கள்: எனாமலோடு அதன் அடியில் இருக்கும் டென்டினும் சேர்ந்து வந்துவிட்டால் கதை முடிந்தது, ஏனென்றால் டென்டின் நுண்துளைகள் கொண்டது, மண்ணின் கார்பனை உறிஞ்சிக்கொள்ளும். நிறம் மாறும் எல்லையைத் துளையி தாண்டுகிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டேதான் எடுக்க வேண்டும். முதல் கடைவாய்ப்பல் தாய்ப்பால் காலத்தில் உருவாவது. அதன் மதிப்பு உணவைத் திரித்துக் காட்டலாம், எனவே மூன்றாம் கடைவாய்ப்பல் விரும்பத்தக்கது. பிசின் பூசிய பல் என்றால் பூச்சை முழுதாக நீக்காமல் தொடக் கூடாது.

சிவாலிக்கைப் பொறுத்தவரை ஒரு பின்னணி: அங்கே வெப்பமண்டலப் புல்வெளி பரவியது சுமார் 80 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். சிவதீரியம் வரும்போது புல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது.

சிவாலிக் பல் ஒன்றைப் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம் என்று எப்படி அறிவது?

மேல்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெல்லும் பரப்பில் நான்கு பிறைகள் தெரிய வேண்டும். அப்படியென்றால் அசைபோடும் விலங்கு. குறுக்குத் தகடுகள் வரிசையாக இருந்தால் யானை வகை. ஒரு வெளிச்சுவரும் அதிலிருந்து உள்நோக்கிய இரண்டு குறுக்கு மேடுகளும் என்றால் காண்டாமிருகம். மூவிலை வடிவத் தேய்வு என்றால் நீர்யானை.

பிறை உறுதியான பிறகு பக்கவாட்டில் திருப்புங்கள். பல் குட்டையாக, எனாமல் காய்ந்த திராட்சைத் தோல் போலச் சுருக்கம் சுருக்கமாக இருந்தால் ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தின் பக்கம் சாயலாம். நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் சுருக்கம் தட்டுப்படும். மாட்டினப் பல் உயரமாக, பக்கங்கள் ஒப்பீட்டளவில் வழவழப்பாக இருக்கும். பிறைகளுக்கு இடையே சிறு தூண் ஒன்று ஏறி நிற்கும். வெளியே சிமென்ட் எனப்படும், எலும்பு போன்ற பல் பூச்சும் காணப்படும். அளவைக் கடைசியில் பாருங்கள்: சிவதீரியத்தின் மேல் கடைவாய்ப்பல் 4 செ.மீ.க்கு மேல் நீளம் வரும். அளவை முதலில் பார்த்தால், பெரிய எருமைப் பல்லைக் கண்டு ஏமாறுவது நடக்கும்.

மிக உறுதியான சான்று கீழ்க்கோரைப் பல். இந்தக் குடும்பத்தில் அது இரண்டு மடல்களாகப் பிளந்திருக்கும். வேறெந்த அசைபோடும் விலங்கோடும் குழம்ப இடமில்லை. ஆனால் சிறிய பல், எளிதில் கழன்றுவிடும், கிடைப்பது அரிது.

நன்றாகத் தேய்ந்த பல்லில் இவை எதுவும் வேலை செய்யாது. சுருக்கம் மழுங்கியிருக்கும், உயரம் குறைந்திருக்கும், மாட்டுப் பல்லும் குட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட பல்லுக்குப் பேரினப் பெயர் எழுதாமல் 'அசைபோடும் பெரிய விலங்கு' என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கால் எலும்பு கிடைத்தால்?

முழங்காலுக்குக் கீழே வரும் நீள எலும்பைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் விரல் எலும்புகள் ஒன்றாக இணைந்து ஆனது அது. ஒட்டகச்சிவிங்கியில் மெலிந்து நெடுநீளமாகவும், சிவதீரியத்தில் குட்டையாகத் தடித்தும் இருக்கும். கீழ்நுனியில் இரண்டு மூட்டுருளைகளும் இணையாக நின்றால் சரி; இரண்டும் விலகி விரிந்தால் ஒட்டகம்.

எலும்பில் ஒட்டிய பாறையை வினிகர் ஊற்றிக் கரைக்கலாமா?

கூடாது. எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட்; பாறையைப் பிடித்திருக்கும் கார்பனேட் கரையும்போது எலும்பின் மேற்பரப்பும் அரிக்கப்படும். ஆய்வகத்தில் அமிலம் பயன்படுத்துவது உண்டுதான். அங்கே வெளியே தெரியும் எலும்புக்கு ஒவ்வொரு சுற்றிலும் பிசின் பூசி, அமிலத்தில் கால்சியம் பாஸ்பேட் கரைத்துவைத்து அரிப்பைத் தடுத்து, பிறகு நெடுநேரம் நீரில் ஊறவைத்து அமிலத்தையும் உப்பையும் வெளியேற்றுவார்கள். அந்தக் கடைசிப் படியைச் சுருக்கினால் உள்ளே தங்கிய உப்பு மாதங்கள் கழித்துப் படிகமாகி எலும்பைப் பிளக்கும்.

சிவாலிக் மண்பாறைக்கு ஊசியும் மென்தூரிகையும் கொஞ்சம் பொறுமையும் பெரும்பாலும் போதும். அந்தக் களிமண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். அதனால் தண்ணீரில் முக்கி எடுப்பதும் ஆபத்து. நொறுங்கும் எலும்பை இறுக்க, பாரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் 5 சதவீத அளவில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கெட்டியாகக் கரைத்தால் உள்ளே இறங்காமல் மேலே பளபளவென்று தோலாகப் படியும். உள்ளே எலும்பு பொடியாகவே இருக்கும். ஈரப்பதம் கூடிய நாளில் பூசினால் வெள்ளைப் படலம் பூக்கும். ஒட்டுவதற்கும் இதே பிசினைத்தான், சுமார் 50 சதவீதக் கெட்டியில். கடையில் வாங்கும் உடனடிப் பசை வேண்டாம். தவறாக ஒட்டிவிட்டால் பாரலாய்டை அசிட்டோன் விட்டுக் கழற்றலாம். உடனடிப் பசையைக் கழற்ற முயன்றால் எலும்புதான் உடையும்.

ஏன் அழிந்தது?

பிளைஸ்டோசீன் என்னும் பனியுகக் காலத்தில் தட்பவெப்பம் குளிருக்கும் வறட்சிக்கும் மாறி மாறி ஊசலாடியது. சிவாலிக் பகுதியில் மலை உயர்ந்து, ஆறுகள் மணலையும் வண்டலையும் விட்டு உருளைக்கற்களைக் கொட்டத் தொடங்கின. வாழிடம் குலைந்தது. மாட்டினங்கள் பல்கிப் பெருகிப் புல்வெளியைப் பிடித்துக்கொண்டன. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் சான்று கையில் இல்லை. 'மனிதர் வேட்டையாடி ஒழித்தார்கள்' என்று துணிந்து எழுதுபவர்களிடம் வெட்டுக்காயமுள்ள எலும்பைக் கேளுங்கள்.

சுமேரியர் சிவதீரியத்தைப் பார்த்தார்கள் என்பது?

இராக்கின் கிஷ் நகரில் கிடைத்த செம்புக் கடிவாள வளையம் ஒன்றின் மேல் கொம்புள்ள விலங்குருவம் இருக்கிறது. 1936இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வின் கோல்பெர்ட், இது சிவதீரியமாக இருக்கலாம் என்று எழுதினார். அப்போது உருவத்தின் கொம்புகள் உடைந்திருந்தன. பின்னர் அருங்காட்சியகக் கிடங்கிலேயே உடைந்த துண்டுகள் கிடைத்தன. பொருத்திப் பார்த்தால் மான் கொம்பு. சகாரா பாறை ஓவியங்களைக் காட்டிச் சொல்லப்படுவதும் இதே வகை. எலும்புச் சான்று எதுவும் அந்தக் காலத்துக்கு வருவதில்லை.

படம் வரையவோ சிறு உருவம் செய்யவோ என்ன அளவுகள் எடுத்துக்கொள்வது?

பத்தில் ஒரு பங்கு அளவில் தோள் உயரம் 22 செ.மீ. முன்னங்காலும் பின்னங்காலும் ஏறக்குறைய சம உயரம்; ஒட்டகச்சிவிங்கி போல முதுகைச் சரிக்க வேண்டாம். தோளில் சற்றே உயர்வு இருக்கலாம். பாதத்துக்கு இரண்டு குளம்பு. மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, மேல் கோரைப்பல்லும் கிடையாது. வாய் திறந்த உருவம் என்றால் இதைக் கவனிக்கவும். மொத்தம் 32 பற்கள்.

களிமண் உருவம் செய்தால் ஒரு சோதனை: மெழுகு பூசி, விளிம்புவரை நிரப்பிய நீரில் முழுதாக அமிழ்த்தி, வழிந்த நீரை அளவுக் குவளையில் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு உருவம் 1.25 லிட்டர் நீரை வெளியேற்றினால் முழு விலங்கு சுமார் 1,250 கிலோ. 2 லிட்டருக்கு மேல் போனால் வயிற்றையோ கழுத்தையோ அளவுக்கு மீறித் தடிக்க வைத்திருக்கிறீர்கள்.

நிறம், வால் மயிர், கொம்பின் மேல் போர்வை எல்லாம் ஓவியரின் விருப்பம். தும்பிக்கை மட்டும் வேண்டாம்.

எங்கே பார்க்கலாம்?

ஃபால்கனர், காட்லி திரட்டியவற்றில் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சிவாலிக் புதைபடிவங்களுக்குக் கூடம் உண்டு. மார்க்கண்டா ஆற்றங்கரையிலேயே, சிர்மௌர் மாவட்டம் சாகேதியில், 1974இல் திறக்கப்பட்ட சிவாலிக் புதைபடிவப் பூங்கா இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்த இடம். அங்கே திறந்தவெளியில் நிற்கும் கண்ணாடியிழை உருவங்களில் நான்கு கொம்பு ஒட்டகச்சிவிங்கியும் ஒன்று.

நடந்துபோகும்போது குன்றில் எலும்பு தட்டுப்பட்டால் என்ன செய்வது?

பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்து நெருக்கத்தில் ஒரு படம், பத்தடி தள்ளி நின்று பாறைச் சரிவு தெரிய ஒரு படம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை. எலும்பு பாறையில் பதிந்திருக்கிறதா, சரிவில் உருண்டு கிடக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். உருண்டு கிடந்தால் மேலே எந்த அடுக்கிலிருந்து வந்திருக்கும் என்று மேல்நோக்கித் தேடி அதையும் படம் எடுங்கள். சண்டிகரில் புவியியல் ஆய்வுத் துறையின் அலுவலகமும், பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையும் உள்ளன; படங்களையும் குறிப்பையும் அங்கே கொடுக்கலாம். மழைக்காலத்துக்கு முன் கொடுத்தால் நல்லது, இந்தச் சரிவுகள் ஒரே மழையில் இடம் மாறிவிடும்.